பதிவுச் சான்று பிறந்த கதை

ஜவ்வாது மலையில் ஒருவருக்கு மனம் பேதலித்துப்போனால், சேர்த்து வைத்தியம் பார்க்க ஜமுனாமரத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்க வேண்டும். இரண்டு முறை இறங்கி ஏறிய பிறகு, 'யாராவது வைத்துப் பார்த்துக்கொண்டால் தேவலை' என்று வீட்டாருக்குத் தோன்றிவிடும். அந்த 'யாராவது' யார்? அரசு இதைக் கேட்கத் தொடங்கியது ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிறகுதான்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குச் சாதி, மதம் பாராமல் நோயாளிகளை அழைத்து வருவார்கள். குணமாகும்வரை கூடவே தங்க எல்லோராலும் முடியுமா? விட்டுவிட்டுப் போகிறவர்களை நம்பித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. வைத்தியம் தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. கொட்டகையும் சங்கிலியும் போதுமானவையாக இருந்தன.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் பெயரிலேயே 25 சாவு என்றிருக்கிறது. பிறகு அந்தக் கணக்கு 28 ஆனது. ஒரு வாரத்தில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். 2007இல் காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 7 ஆண்டு சிறை.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இலிருந்தே நடப்பில் இருந்தது. தனியார் உரிமம் வாங்க வேண்டும் என்றது. அரசு மருத்துவமனைக்கு மட்டும் விலக்கு. ஏர்வாடிக் கொட்டகைகள் உரிமமின்றி, ஊரறியவே நடந்தன. ஏட்டில் இருந்த விதியை எடுத்துப் பார்க்க 28 உயிர் போக வேண்டியிருந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அரசு, அறக்கட்டளை, நிறுவனம், தனிமனிதர் என உடைமையாளர் யாரானாலும், வைத்தியம் ஆங்கிலமோ சித்தமோ யுனானியோ, பதிவு கட்டாயம். பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மூன்றாம் முறையிலிருந்து 5 லட்சம் வரை போகலாம். எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவு தனியே சொல்கிறது. முதல் அபராதம் எனக்குக் கொசுக்கடியாகத்தான் படுகிறது.

உங்கள் வீட்டு ஆளை எங்காவது சேர்க்க நேர்ந்தால், மாதக் கட்டணத்தைப் பேசுமுன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பிறகு, சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள்.