பதிவில்லாத மின்சார ஸ்கூட்டர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பசறை நகரில் இலக்கத்தகடு இல்லாத மின்சார ஸ்கூட்டர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட வரும் தாய், மரக்கறி மூட்டையோடு வரும் இளைஞர் எனப் பலரும் அதில்தான் வருகிறார்கள். பெற்றோல் ஊற்றாத வண்டிக்குப் பதிவும் லைசன்ஸும் தேவையில்லை என்றே அவர்களில் பலர் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை தவறானது. இலங்கையில் வீதி வாகனங்களைக் கட்டுப்படுத்துவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பெற்றோலில் ஓடுகிறதா, மின்கலத்தில் ஓடுகிறதா என்பதை வைத்து அது விலக்கு அளிப்பதில்லை. மோட்டார் சைக்கிள்போல் ஓடும் மின்சார ஸ்கூட்டரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவையும் தேவை. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்.

ஏன் வாங்குகிறார்கள்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அடுத்து வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் தொடக்கத்தில் கிடைத்தது. கோணகலையிலோ மடுல்சீமையிலோ லயனில் இருப்பவர் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி ஓடும் வண்டியை மக்கள் நாடியதில் வியப்பில்லை.

'250 வாற்' கதை

இந்தியாவில் 250 வாற்றுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத, நிர்ணயித்த எடைக்கு உட்பட்ட சிறிய மின்சார வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 வாற் வரையான, பெடல் மிதித்தால் மட்டும் உதவும் மின்சார சைக்கிள்களுக்கு ஏறக்குறைய இதே வேகவரம்போடு விலக்கு உண்டு. லண்டனில் உள்ள நம் உறவுகளுக்குத் தெரியும், அங்கு சொந்த மின்சார ஸ்கூட்டரைப் பொதுவீதியில் ஓட்டினால் பொலிஸார் பறிமுதல் செய்யலாம். யூடியூபில் பார்க்கும் இந்திய விதி பசறைப் பொலிஸாரிடம் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நமுனுகுலைப் பக்கம் ஏற்றம் ஏற 250 வாற் மோட்டார் போதாது. ஆகவே இங்குள்ளவர்கள் வலுக்கூடிய வண்டியைத்தான் தேடுகிறார்கள். பிற நாடுகளில் சிறிய வண்டிக்குக் கிடைக்கும் விலக்கு அந்த வண்டிக்கு அங்கேயே கிடைக்காது.

விபத்து நாளில்

தண்டப்பணம் சிறிய இழப்புத்தான். பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி கிடையாது. அது ஒரு முதியவரை மோதினால் அவருக்கு நட்டஈடு கொடுக்கக் காப்புறுதி நிறுவனம் இல்லை. முழுப் பொறுப்பும் ஓட்டியவரின் குடும்பத்தின் தலையில் விழும்.

நம் வீதிகளும் சாதாரணமானவை அல்ல. 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்பு சென்ற பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். பனிமூட்டத்தில், நீண்ட இறக்கத்தில், தரம் தெரியாத பிரேக்கை நம்புவது ஆபத்து. மின்சார வண்டி சத்தமில்லாமல் வருவதால் லயன் முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் அது வருவது தெரியாது.

காசு கொடுக்கும் முன்

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் வண்டியில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். "பிறகு பதிந்து தருகிறோம்" என்றால் சுங்க ஆவணங்களைக் காட்டச் சொல்லுங்கள். அவை இல்லாமல் இறக்குமதி வண்டியைப் பதிய முடியாது. ரசீதில் மாதிரியின் பெயரையும் மோட்டார் வலுவையும் எழுதி வாங்குங்கள். 18 வயது நிறையாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சட்டத்தை அமுல்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சந்தியில் மறிக்கப்படுபவர் தவணை கட்டும் தொழிலாளி. பதிய முடியாத வண்டியை விற்றவர் கடையில் அடுத்ததை விற்றுக்கொண்டிருக்கிறார். சோதனை கடை வாசலில் தொடங்கினால்தான் அது நியாயமாக இருக்கும். பதிவு, அனுமதிப்பத்திர விளக்கங்கள் தோட்டங்களுக்குத் தமிழில் வந்து சேர வேண்டும். செங்கலடி வரை இறங்கும் இந்த ஏ5 வீதியின் மறுமுனையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.