மும்மதிப்புத் தர்க்கமும் கணினியும்

மும்மதிப்புத் தர்க்கம் என்பது உண்மை, பொய் என்ற இரண்டோடு நில்லாமல் ஒரு கூற்றுக்கு மூன்றாவது மதிப்பும் உண்டு என்று கொள்ளும் முறை. போலந்து அறிஞர் யான் வூகாசியேவிச் 1920-இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். நாளை கடற்போர் நடக்கும் என்ற கூற்று இன்றைக்கு உண்மையா, பொய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்ட கேள்வி அவர் சிந்தனைக்குப் பின்னால் இருந்தது. இன்னும் முடிவாகாத கூற்றுக்கு அவர் அளித்த மதிப்பு ½. அமெரிக்கரான ஸ்டீஃபன் கிளீனி 1938-இல் அமைத்த வகையில் அந்த இடத்தில் 'தீர்மானிக்க இயலாதது' அமர்ந்தது.

தர்க்கம் வேறு, எண்முறை வேறு. ஆனால் கருவிகளின் வரலாற்றில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், எண்முறைதான் முந்திக்கொண்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த அச்சகக்காரர் தாமஸ் ஃபௌலர், 1840-இல் மூன்றை அடியாகக் கொண்டு கணக்கிடும் இயந்திரம் ஒன்றை மரத்தாலேயே செய்து முடித்தார். கணிதர் டி மார்கன் அதைப் பார்த்து விவரித்து எழுதினார். மூல இயந்திரம் இன்று இல்லை.

மும்ம முறையில் இயங்கிய முதல் மின்னணுக் கணினி 'செதுன்'. கணிதர் சோபலெவின் முன்முயற்சியில், நிக்கோலாய் புருசென்ட்சோவ் தலைமையில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1958-இல் அது உருவானது. பெயர் மாஸ்கோவில் ஓடும் ஒரு சிற்றாற்றினுடையது. அதன் இலக்கங்கள் 0, 1, 2 அல்ல. −1, 0, +1. இதில் 5 என்பதை 9 − 3 − 1 ஆகப் பிரித்து '+ − −' என்று எழுத வேண்டும். குறிகளைத் திருப்பிப்போட்டால், அதாவது '− + +' என்றால், −5 வந்துவிடும். எதிர்ம எண்ணுக்கென்று தனிக் குறியோ தந்திரமோ வேண்டியதில்லை. இருமக் கணினிகளில் இந்த எளிமை கிடையாது.

கசான் ஆலையில் சுமார் 50 செதுன்கள் தயாரானபின், 1965-இல் உற்பத்தி நின்றது. அதிகாரிகளின் அலட்சியத்தையே பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். செதுனின் ஃபெரைட் காந்த வளையம் ஒவ்வொன்றும் இரண்டு நிலைகளில் மட்டுமே நிற்கும். எனவே ஒரு மும்ம இலக்கத்தைத் தாங்க இரண்டு வளையங்கள் தேவைப்பட்டன. இரண்டு வளையங்கள் நான்கு நிலைகளைக் காட்டும்; ஒன்று வீணானது. இருமத்தைவிடக் குறைந்த இலக்கங்களே போதும் என்று ஏட்டில் தெரிந்த சிக்கனம் பாகங்களில் கிடைக்கவில்லை. 1970-இல் வந்த 'செதுன்-70'-உம் பரவவில்லை.

வன்பொருளில் தோற்ற மூன்றாவது மதிப்பு மென்பொருளில் நிலைபெற்றது. தரவுத்தள மொழியான எஸ்கியூஎல், காலியான கட்டத்தை 'நல்' என்று குறிக்கிறது. அதோடு செய்யும் எந்த ஒப்பீட்டுக்கும் விடை 'தெரியாது'. தேர்வு எழுதாத மாணவரின் மதிப்பெண் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35-க்குக் குறைந்தவர்களைக் கேட்டால் அவர் பெயர் வராது. 35-உம் அதற்கு மேலும் பெற்றவர்களைக் கேட்டாலும் வராது. தேர்ச்சியையும் தோல்வியையும் கூட்டினால் வகுப்பின் மொத்தம் இடிக்கும். பட்டியல் எடுப்பவர்கள் 'இஸ் நல்' என்று தனியாக ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.