சட்டைப்பைக்குள் வந்த கேமரா: விடுமுறைப் படத்தின் வரலாற்றில் பலமனேர்

உதகமண்டலம் வெள்ளையர் கண்ணில் படுவதற்கு முன்பு, சென்னை மாகாணத்து ஐரோப்பியர்கள் கோடையில் உடல் தேற்றிக்கொள்ள நாடிச் சென்ற இடங்களுள் ஒன்று பலமனேர். சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் வழியாக மேலேறினால், மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 2,200 அடிக்கும் மேலான உயரத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. வேலூரும் ஆர்க்காடும் வெந்துகொண்டிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களிலும் இங்கே வெக்கை சற்றுத் தணிந்தே இருக்கும். அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரை நலம் தேடும் இடமாக ஐரோப்பியர் பயன்படுத்தியதைக் காலனிய விவரச் சுவடிகள் குறிப்பிடுகின்றன. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் வீடும் கட்டினார். பலமனேரின் கோடைக்காலப் பெருமை அதன்பின் மங்கியது.

ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. இடைவெளி இருபது ஆண்டுகள். ஆகவே பலமனேரில் கழிந்த அந்த விடுமுறைகளுக்கு ஒளிப்படம் என்ற சான்று ஒன்றுகூட இருக்க வழியில்லை. யார் வந்தார்கள், எந்தத் தோப்பில் கூடாரமடித்தார்கள், அவர்களுக்குச் சமைத்தவர்களும் பல்லக்குச் சுமந்தவர்களும் எப்படியிருந்தார்கள் என்பதை அறியக் கடிதங்களும் கல்லறைக் கற்களும் வருவாய்த் துறைக் கோப்புகளுமே துணை. விடுமுறைப் படம் எவ்வளவு பிற்காலத்துப் பழக்கம் என்பதை உணர இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

படம் இல்லையே தவிர, படத்தின் மீதான ஆசை அப்போதும் இருந்தது. 1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் தம் படையை இதே மொகிலிக் கணவாய் வழியாக மேலேற்றிப் பெங்களூர் நோக்கிச் சென்றார். அந்த மைசூர்ப் போரின் காட்சிகளை ராபர்ட் கோல்புரூக் என்ற படை அதிகாரியும் ராபர்ட் ஹோம் என்ற ஓவியரும் வரைந்து இலண்டனில் நூல்களாக வெளியிட்டனர். 1792இல் தென்னிந்தியா வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் காட்சியின் வடிவை இருட்டுப் பெட்டிக்குள் விழச்செய்து அதன்மேல் கோடிழுத்துக்கொண்டனர். ‘கேமரா’ என்ற சொல் அந்த இருட்டு அறையிலிருந்து வந்ததே. பெட்டி முன்பே இருந்தது. விழுந்த ஒளியை நிலைநிறுத்தும் வேதியியல்தான் பின்னால் வந்தது.

வேதியியல் வந்தபோது கூடவே சுமையும் வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857 இறுதியில் தொடங்கித் திருவரங்கம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றியபோது மாட்டு வண்டிகளோடு செல்ல வேண்டியிருந்தது. அவருடைய எதிர்மறைத் தாள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அக்காலத்தில் பதிவை அப்படியே பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லை; எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய தாளும் பெட்டியும் வேண்டும். 1863இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் சென்ற சாமுவேல் போர்னுக்கு முப்பது சுமையாட்கள் தேவைப்பட்டனர். கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அதே ஈரத்தில் கழுவியாக வேண்டியிருந்ததால் இருட்டுக் கூடாரமும் வேதிநீர்ப் புட்டிகளும் அவரோடு மலையேறின. அவர் எடுத்த படங்களின் அழகைப் பேசும் நூல்கள் பல. அந்த முப்பது பேரின் தோள்களைப் பேசுவன மிகக் குறைவு.

‘கையடக்கம்’ என்பதை வெறும் அளவாகக் காண்பது வரலாற்றுப் பார்வையாகாது. கேமரா சிறுத்தது என்றால், சுமப்பவர் மாறினார் என்று பொருள். கூலியாளின் தலையிலிருந்து பயணியின் தோளுக்கும், தோளிலிருந்து சட்டைப்பைக்கும் அது இறங்கியது. கூடவே இருட்டறை வேலையும் பயணியின் கையைவிட்டு வேறெங்கோ போனது.

அந்த இரண்டாவது மாற்றத்தைச் செய்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் வெளிவந்த முதல் கோடக் பெட்டி, உள்ளே நூறு படங்களுக்கான சுருளோடு 25 டாலருக்கு விற்கப்பட்டது. நூறும் தீர்ந்தால் பெட்டியையே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே கழுவி, அச்சிட்டு, புதுச்சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரௌனி ஒரு டாலர். விடுமுறைக்குக் கேமரா இல்லாமல் போவது விடுமுறையை வீணாக்குவதற்குச் சமம் என்ற எண்ணத்தை அந்நிறுவனத்தின் விளம்பரங்களே திரும்பத் திரும்ப விதைத்தன. ‘ஸ்னாப்ஷாட்’ என்பது வேட்டைக்காரர் சொல். குறிபார்க்கப் பொழுதில்லாமல் சட்டென்று சுடுவதைக் குறிப்பது. 1860 அளவில் அதை ஒளிப்படத்துக்கு ஏற்றிச் சொன்னவர் ஜான் ஹெர்ஷல். தமிழில் படம் ‘பிடிக்கிறோம்’. அதுவும் ஓடுவதைத் துரத்திப் பற்றும் வினைதான் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழில் பயணத்தையும் கேமராவையும் ஒருசேரக் கையாண்ட முன்னோடி ஏ. கே. செட்டியார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டங்கள் கடந்து அலைந்து 1940இல் அதை வெளியிட்டவர். ஆனால் அவர் தொழில்முறையாளர். சாதாரணக் குடும்பத்துக்கு அன்று ஒளிப்படம் என்றால் ஸ்டூடியோதான்: திருமணத்துக்கு ஒன்று, முதல் குழந்தைக்கு ஒன்று, முதியவர் இறந்தபின் சுவரில் மாட்ட ஒன்று.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு கேமராவை மேலும் அரிதாக்கியது. அந்த வெற்றிடத்தில் புகுந்தது வடோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. பன்னிரண்டு சதுரப் படங்கள், வெயிலா மேகமா என்று பார்த்து நகர்த்த ஒரு நெம்பு, அவ்வளவே. ஒரு தெருவில் ஒரு வீட்டில் இருக்கும். திருப்பதிக்கோ ஏற்காட்டுக்கோ போகும் குடும்பம் இரவல் வாங்கிச் செல்லும். மத்திய அரசு உள்நாட்டிலேயே படச்சுருள் செய்ய 1960இல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம் உதகை. பலமனேரின் கோடை விருந்தினரைப் பறித்துக்கொண்ட அதே மலை, நூற்றைம்பது ஆண்டு கழித்து நாட்டின் விடுமுறைகளுக்கான படச்சுருளையும் செய்து தந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கடைகளில் தொங்கிய அந்தச் சுருள் உறைகள் இன்று பழம்பொருள் சேகரிப்போர் கையில் உள்ளன. அயல்நாட்டுக் கேமரா வேண்டுவோர் சென்னை பர்மா பஜாருக்குப் போனார்கள், அல்லது சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த உறவினர் ஊர் திரும்பும் நாளுக்குக் காத்திருந்தார்கள்.

பன்னிரண்டு படம் என்ற வரம்பு குடும்பத்துக்குள் ஓர் அதிகார வரிசையை உண்டாக்கியது. யாருக்குத் தனிப்படம், யார் கூட்டத்தில் பின்வரிசை, கூட வந்த வேலைக்காரப் பெண் சட்டகத்துக்குள் வரலாமா, அவள் குழந்தையைத் தூக்கி நிற்கும் கை மட்டும் போதுமா என்பதெல்லாம் சுருளின் நீளத்தைக் கணக்கிட்டே முடிவாயின. 1980களின் ஹாட் ஷாட், 1990களின் கோடக் கேபி 10 போன்ற மலிவான கேமராக்களும் 36 படச் சுருளும் வந்தபோது இந்த நெருக்கடி சற்றுத் தளர்ந்தது. தளராதது ஒன்று: கேமராவைப் பிடித்தவர் படத்தில் இல்லை. அந்தக் கால ஆல்பங்களில் தந்தையர் அருகிக் காணப்படுவதற்கு அன்பின்மை காரணமன்று.

எண்மக் கேமராவின் தொடக்கம் 1975இல், ஈஸ்ட்மனின் அதே நிறுவனத்தில். ஸ்டீவன் சாசன் அமைத்த கருவி மூன்றரைக் கிலோவுக்கும் மேல் எடை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அதன் நுணுக்கம் ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்கு. இருபது ஆண்டு கழித்து, 1995இல், காசியோ க்யூவி-10 பின்புறத்தில் திரையோடு வந்தது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம் என்ற அந்த ஒரு வசதிதான் விடுமுறைப் படத்தின் இயல்பையே மாற்றியது. கண் மூடியவர் மறுபடி நிற்கலாம். பிடிக்காத படத்தை அழிக்கலாம். குடும்பம் தன் வரலாற்றை அந்த நொடியிலேயே திருத்தி எழுதத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டில் கேனன் வெளியிட்ட எண்ம இக்சஸ் இரண்டு மெகாபிக்சல். நான்குக்கு ஆறு அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1,200ஐ 1,800ஆல் பெருக்கி வருவது 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். அதாவது ஆல்பத்தில் ஒட்டும் படத்துக்கு அந்த முதல் கருவியே ஏறத்தாழப் போதுமானது. ஆயினும் அடுத்த பத்தாண்டில் சந்தை விற்றது மெகாபிக்சல் எண்ணைத்தான். பெரும்பாலான சிறு கேமராக்களில் ஒளியுணரியின் பரப்பு சுமார் 25 சதுர மில்லிமீட்டர், 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டகம் 864 சதுர மில்லிமீட்டர். அந்தக் கடுகளவு இடத்தில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு மில்லியன் புள்ளிகளை நெருக்கியபோது ஒவ்வொன்றும் பெறும் ஒளி குறைந்தது. மாலைநேரப் படங்கள் மணல் தூவியதுபோல் ஆயின. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. விசையை அழுத்தியபின் படம் பதிய எவ்வளவு நேரமாகிறது? ஓடும் குழந்தையைப் பிடிக்க அதுவே முக்கியம். உருப்பெருக்கம் வில்லையின் அசைவால் வருகிறதா, இருக்கும் புள்ளிகளை ஊதிக் காட்டுகிறதா? பின்னது வெறும் கண்துடைப்பு. மின்கலம் எது? கேனனின் ஏ வரிசை சாதாரண டார்ச் விளக்குக் கலத்தில் ஓடியது. பலமனேர்–குப்பம் சாலையில் கைகல் அருவிக்குப் போகும் வழியில் சார்ஜ் தீர்ந்தால் பெட்டிக்கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். தனிவகைக் கலம் கொண்ட மெல்லிய கேமரா அழகாக இருந்தாலும் அங்கே கல்தான்.

இந்தக் கேமராக்களின் மிகப்பெரிய பயணம் திருமலைப் பயணமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. 1944இல் முதல் மலைச்சாலையும் 1974இல் இரண்டாவது சாலையும் திறந்தபின் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வழிபாடும் விடுமுறையும் ஒன்றான பயணம். ஆனால் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை. வெளியே ஒப்படைத்துவிட்டே வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே அந்தப் படத்தொகுப்புகளின் நடுவில் எப்போதும் ஒரு வெற்றிடம் இருக்கும். மலைப்பாதை வளைவு, பாபவிநாசம், புதிதாக மழித்த தலையில் சந்தனம் பூசி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் பிள்ளைகள், பின்பு லட்டுப் பையோடு பேருந்து நிலையம். எதற்காகப் போனார்களோ அது மட்டும் படத்தில் இராது. அந்த விலக்கைப் புரிந்துகொள்ளாத எதிர்கால ஆய்வாளர், இவர்கள் கோயிலுக்கே போகவில்லை என்று எழுதிவிடக்கூடும்.

உண்மையில் அவ்வாய்வாளருக்கு எதிர்ப்படும் சிக்கல் அதைவிடப் பெரிது. உலக அளவில் எண்மக் கேமராக்களின் ஆண்டு அனுப்புகை 2010இல் 12 கோடியைத் தாண்டியது. அவற்றில் மிகப்பெரும் பங்கு வில்லை கழற்ற முடியாத சிறு கேமராக்கள். 2023இல் அவ்வகை இருபது இலட்சத்துக்கும் கீழே. இடையில் கைப்பேசி வந்துவிட்டது. அந்தக் குறுகிய காலத்தில் எடுக்கப்பட்ட படங்களில் அச்சுக்குப் போனவை சிறு பகுதி. மற்றவை நினைவட்டைகளிலும் குறுவட்டுகளிலும் செயலிழந்த கணினிகளின் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. சோனிக்கு ஒரு நினைவட்டை, ஒலிம்பசுக்கும் ஃபியூஜிக்கும் 2002இல் வந்த எக்ஸ்டி அட்டை என்று நிறுவனத்துக்கொரு வடிவம். இன்று அவற்றைப் படிக்கும் கருவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேமரா வாங்கும் நாளில் எவரும் பெரிதாக எண்ணாத அட்டையின் வகை, இருபது ஆண்டுக்குப் பின் அக்குடும்பத்துக்குச் சான்று மிஞ்சுமா என்பதை முடிவுசெய்கிறது.

மிஞ்சியவற்றிலும் எச்சரிக்கை தேவை. கோப்புக்குள் நாளும் நேரமும் பதிந்திருப்பதால் அவை ஐயத்துக்கு இடமற்றவை என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. மின்கலத்தை நெடுநேரம் கழற்றிவைத்தால் கேமராவின் கடிகாரம் பழைய தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். பயணப் பரபரப்பில் யாரும் அதைத் திருத்துவதில்லை. கோடை விடுமுறையின் அருவிக் குளியல் பல தொகுப்புகளில் சனவரி முதல் நாள் நள்ளிரவில் நடக்கிறது. கல்வெட்டில் ஆட்சியாண்டைச் சரிபார்ப்பதுபோல், நிழலின் நீளத்தையும் மரத்தில் தொங்கும் மாங்காயின் பருவத்தையும் கொண்டே இதைச் சரிபார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி பிரிக்கப்பட்டபின் இடப்பெயரும் இதே கவனத்தைக் கோருகிறது. 2008இல் எடுத்த திருமலைப் படத்தின் குறிப்பில் ‘சித்தூர் மாவட்டம்’ என்றிருந்தால் அது பிழையன்று. பலமனேர்ப் படத்தில் இன்றும் அதுவே சரி.

பலமனேரில் 1810இல் கோடையைக் கழித்தவர் எழுதிய கடிதம் எங்கேனும் ஆவணக் காப்பகத்தில் இருக்குமானால், தாள் பழுத்திருந்தாலும் அதைப் படித்துவிட முடியும். அதே ஊரைக் கடந்து 2006இல் கைகல் அருவிக்குப் போன குடும்பத்தின் இருநூறு படங்கள் ஒரு மேசை இழுப்பறையில், கட்டைவிரல் நகமளவு அட்டையொன்றில், பழைய சாவிகளோடும் தீர்ந்த பேனாக்களோடும் கிடக்கின்றன.