பொறியியல் பாடங்களின் கற்றல் விளைவுகள்: புள்ளியியல் ஒப்பீடு

ஒரே பாடத்தை வெவ்வேறு வகையில் கற்பிக்கும்போது எந்த வகுப்பு மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்கள் என்பதை எண்களால் கணிக்கும் முறைகள்.

தோற்றம்: டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சிறு மாதிரிகளின் சராசரியை ஆராயும் டி-சோதனைக்கு 1908இல் அடித்தளமிட்டார். பல குழுக்களை ஒருசேர ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் உருவாக்கினார். வயலில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யலாம். மாணவர்களை அப்படிப் பிரிப்பது அரிது. அவர்கள் வகுப்புக்குள் நுழையும்போதே அறிவில் வேறுபட்டிருப்பார்கள். இதுவே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

தரப்படுத்திய ஈட்டம்: 1992இல் டேவிட் ஹெஸ்டினிஸ் குழுவினர் விசை பற்றிய கருத்துத் தெளிவை அளக்கும் பலவுள் தெரிவு வினாத்தாளை வெளியிட்டனர். அதைப் பாடத்துக்கு முன்னும் பின்னும் நடத்தி, கூடிய மதிப்பெண்ணைக் கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுப்பதே தரப்படுத்திய ஈட்டம். வகுப்புச் சராசரி 40 விழுக்காட்டிலிருந்து 70 ஆனால் ஈட்டம் 30/60, அதாவது 0.5. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 அறிமுக இயற்பியல் பாடங்களின் 6,542 மாணவர்களை இவ்வாறு ஒப்பிட்டார். விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர்கள் விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 0.48. பின்னர் நிலையியல், சைகைகளும் அமைப்புகளும் போன்ற பொறியியல் பாடங்களுக்கும் இத்தகைய வினாத்தாள்கள் வந்தன.

திருத்தங்கள்: முன்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற வகுப்புகளுக்கு இந்த ஈட்டம் சாதகமாக அமையக்கூடும் என்ற விமர்சனம் எழுந்தது. ஆகவே சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுக்கும் விளைவளவும், ஒரே வகுப்பில் பயில்வோரிடையே உள்ள ஒற்றுமையைக் கணக்கில் கொள்ளும் பல்படிநிலை மாதிரிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தனர். செயல்வழிக் கற்றலில் தேர்வு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. தோல்வி விகிதம் விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடாகவும் செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது.

இன்றைய நிலை: பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. தரச்சான்று கோரும் பொறியியல் கல்லூரிகள் பாடவாரியாகக் கற்றல் விளைவின் அடைவுநிலையைக் கணக்கிட வேண்டும். முன்தேர்வு இல்லாமல் இறுதித் தேர்வு மதிப்பெண்களை மட்டும் ஒப்பிட்டால், மாணவர் கொண்டுவந்த அறிவையும் பாடம் தந்த அறிவையும் பிரித்தறிய முடியாது. கற்பித்தலை நேர்மையாக மதிப்பிட விரும்பும் கல்லூரி முதல் வகுப்பிலேயே அளவீட்டைத் தொடங்க வேண்டும்.