பெயரில்லாக் கல்: பெரிய அந்தமானியர் அழிவும் நினைவுகூரலும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் துணைவரும் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தனர். அப்போர் முடியுமுன்னரே, 1944இல், ரபேல் லெம்கின் என்னும் போலந்து யூதச் சட்ட அறிஞர் இத்தகைய கொடுமையைச் சுட்டுவதற்குப் புதியதொரு சொல்லை ஆக்கினார். தமிழில் அது ‘இனப்படுகொலை’ என்றும் ‘இனவழிப்பு’ என்றும் வழங்குகிறது. உயிர்க்கொலையோடு ஓர் இனத்தின் மொழியையும் பண்பாட்டையும் வாழ்முறையையும் சிதைப்பதனையும் லெம்கின் அச்சொல்லுள் அடக்கினார். இப்பொருள்விரிவைத் துணையாகக் கொண்டு, அந்தமான் தொல்குடியினருள் ஒரு பிரிவினராகிய பெரிய அந்தமானியரின் அழிவினையும் அது நினைவுகூரப்படும் முறையினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடியேற்றமும் அழிவும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தண்டனை பெற்றோரைச் சிறைவைக்க ஆங்கிலேயர் 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். அதற்கெனக் காடு அழிக்கப்பட்டது. காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்த குடிகள் எதிர்த்தனர். 1859 மே மாதம் அபர்டீன் என்னுமிடத்தில் அவர்கள் வில்லம்புகளோடு பெருந்தாக்குதல் நடத்தினர். அவர்களோடு வாழ்ந்து திரும்பிய தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்கூட்டியே செய்தியைத் தெரிவித்துவிட்டமையால் துப்பாக்கிகள் அவர்களை எதிர்கொண்டன.

மோதலைவிட அழிவை மிகுவித்தது அதன்பின் வந்த அணுக்கமே எனலாம். 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். நாகரிகப்படுத்துவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. குடியேற்றத்தோடு வந்த நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள், இல்லங்களின் வழியே அந்நோய்களுக்கு மேலும் ஆளாயினர். மேகநோய் பரவியது, 1877இல் தட்டம்மை பெருமளவில் உயிர்களைக் கொண்டது.

1858இல் இவர்களின் தொகை 3,500 முதல் 5,000 வரை இருந்திருக்கலாம் என்பர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1901இல் 625 பேரையும், 1911இல் 455 பேரையும், 1921இல் 209 பேரையும், 1931இல் 90 பேரையும் காட்டுகிறது. 1961இல் எஞ்சியோர் 19 பேர். தனித்தனி மொழியும் நிலமும் கொண்டிருந்த பத்துக் குடிகள் ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு சிறு குழுவாகச் சுருங்கின.

நோக்கமும் விளைவும்

1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை, அழிக்கும் நோக்கத்தினை இன்றியமையாக் கூறாக வைக்கிறது. 1942 ஜனவரியில் வான்சேயில் நாஜி அதிகாரிகள் கூடி யூதரை ஒழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்தனர். அந்தமானில் அத்தகைய திட்டம் எதுவும் வகுக்கப்படவில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், இறப்புகள் தொடர்வதை அறிந்தும் குடியேற்றமும் இல்லங்களும் கைவிடப்படவில்லை என்பது கருதத்தக்கது. பண்பாட்டழிப்பு என்னும் கூறு உடன்படிக்கையின் இறுதி வடிவில் நீக்கப்பட்டது. அந்தமானியர் வரலாற்றை அளக்கப் பயன்பட்டிருக்கக்கூடிய அளவுகோல் அக்கூறேயாகும்.

நினைவு யாருடையது?

வார்சா சேரியில் அடைபட்டிருந்த வரலாற்றறிஞர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளும், தம் தோழர்களோடு அன்றாட வாழ்வின் ஆவணங்களைத் திரட்டிப் பெட்டிகளிலும் பால்குடங்களிலும் இட்டு மண்ணில் புதைத்தார். அவர் 1944இல் கொல்லப்பட்டார். ஆவணங்களின் ஒரு பகுதி 1946இலும் மற்றொரு பகுதி 1950இலும் மீட்கப்பட்டன. 1953இல் எருசலேமில் நிறுவப்பட்ட ‘யாத் வஷேம்’ என்னும் நினைவகத்தின் பெயருக்கு ‘நினைவிடமும் பெயரும்’ என்பது பொருள். இறந்தோரின் பெயர்களைத் தனித்தனியே திரட்டுவது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. பாதிக்கப்பட்டோர் தம் மொழிகளில் தாமே எழுதிவைத்த சான்றுகள் யூதரின் நினைவுமரபிற்கு அடித்தளமாயின.

பெரிய அந்தமானியர் எழுத்து வழக்கில்லாதவர். அவர்களைப் பற்றிய பழஞ்சான்றுகள் எட்வர்ட் ஹொரேஸ் மேன், போர்ட்மன் ஆகிய ஆங்கில அலுவலர் எழுதியவை. அபர்டீன் போரில் மடிந்தோர்க்கு இன்று ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அதில் ஒருவரின் பெயரும் இல்லை. வீழ்ந்தவனின் பெயரும் செயலும் பொறித்து நடப்படுவதே நடுகல் எனக் கொள்வது தமிழ் மரபு. அம்மரபின்வழி நோக்கின் அபர்டீன் கல் பாதி நடுகல்லே. மேலும், அது போரினை நினைவூட்டுகிறது. போரைவிட மிகுதியாகக் கொன்ற இல்லங்களுக்கும் நோய்க்கும் அங்கு இடமில்லை.

மொழி என்னும் நினைவிடம்

எஞ்சியோர் 1970ஐ ஒட்டி ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரி 26இல் மறைந்தார். தம் மொழியில் உரையாட மனிதர் இன்மையால் அவர் பறவைகளோடு பேசினார் என்பர். சாரி மொழியின் கடைசிப் பேச்சாளர் 2020 ஏப்ரலில் மறைந்தார். இன்றைய தலைமுறையினர் பேசுவது இந்தி.

மொழியியலறிஞர் அன்விதா அப்பி இறுதிப் பேச்சாளர்களிடமிருந்து திரட்டியவற்றைக் கொண்டு 2012இல் அகராதியையும் 2013இல் இலக்கணத்தையும் வெளியிட்டார். கதைகளும் பாடல்களும் 2021இல் நூலாயின. மனித உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு சொற்களுக்கு முன்னொட்டு அமையும் அரிய இலக்கணம் இம்மொழியினுடையது. அவர்கள் தம் குரலில் விட்டுச்சென்ற சான்றுகளுள் தலையானவை இவையே. ஆகவே அந்நூல்களை மொழியியல் தரவாகக் கருதுவதோடு நினைவு ஆவணமாகவும் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

ஓர் இனம் தன் இழப்பை நினைவுகூர, எஞ்சியோரும் அவர்தம் மொழியும் இன்றியமையாதவை. யூதர்க்கு இவ்விரண்டும் வாய்த்தன. பெரிய அந்தமானியர்க்கு மொழி கைநழுவியது. அந்தமானில் தமிழரும் குடியேறி வாழ்கின்றனர். அத்தீவுகளின் முதன்மக்களுடைய கதைகள் தமிழில் பெயர்க்கப்படுவதும், இலக்கண ஒப்பாய்வில் அவர்தம் மொழி இடம்பெறுவதும் தமிழாய்வுலகம் செய்யத்தக்க கடன்களாகும்.