துணிக்கு வழிவிட்ட சக்கரம்

நம் நாட்டுச் சாலைகளுக்காக ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு கம்பித் தடுப்போ தகடோ இருக்கும். சேலை கார்டு என்பது அதன் பெயர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி அதைக் கட்டாயமாக்கியது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆலைக்குள் செல்லும் சட்டமோ வேறு மாதிரிப் பேசியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 22ஆவது பிரிவில், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ நெருங்குகிறவர் இறுக்கமான உடைதான் அணிய வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றது. ஒரு சட்டத்தில் துணிக்காக இயந்திரம் ஒதுங்குகிறது. இன்னொன்றில் இயந்திரத்துக்காகத் துணி ஒடுங்குகிறது. மறைமலை நகரையும் ஸ்ரீபெரும்புதூரையும் உள்ளடக்கிய இந்தச் செங்கல்பட்டுச் சீமையில், வெயிலுக்கும் மழைக்கும் பனிக்கும் சைக்கிளோட்டிகள் எப்படி உடுத்தினார்கள் என்ற வரலாறு இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே கிடக்கிறது.

மாறும் பருவத்துக்கு ஏற்றபடி சைக்கிளில் போகிறவர் எப்படி உடுத்த வேண்டும் என்று கேட்டால் இன்று கிடைக்கும் விடை அடுக்கு முறைதான். வியர்வையை உடம்பிலிருந்து அகற்ற உள்ளே ஒரு துணி, கதகதப்புக்கு அதன்மேல் ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்க மேலே ஒன்று. குளிர் கூடினால் ஒன்றைப் போடு, வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்று. இந்த முறை பிறந்து வளர்ந்ததெல்லாம் குளிர்நாடுகளில். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டைச் சேர்ந்த குஸ்தாவ் யேகர், கம்பளி உடம்பில் பட உடுத்துவதே ஆரோக்கியம் என்று 1880களில் வாதிட்டார். 1884இல் லண்டனில் அவர் பெயரிலேயே ஒரு துணி நிறுவனம் தொடங்கியது. இங்கிலாந்தில் 1878இல் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம் உறுப்பினர்களுக்கென்று கம்பளிச் சீருடையே வைத்திருந்தது. 1943இல் அமெரிக்க ராணுவம் போர்க்களச் சீருடையை அடுக்கு அடுக்காகவே அமைத்தது. நீராவியை வெளியே விட்டு மழைத்துளியை உள்ளே விடாத படலத்துக்கு வழி திறந்த பாப் கோரின் கண்டுபிடிப்பு 1969இல் வந்தது. மால்டன் மில்ஸின் செயற்கைக் கம்பளி அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. கோர்வையான, அழகான வரலாறுதான். ஆனால் அதை நம்முடைய வரலாறாக எடுத்துக்கொண்டு, நமக்கு மட்டும் அந்த அறிவு பிந்தி வந்தது என்று எண்ணுவது பிழை. இங்கே சைக்கிளோட்டி துணியைக் கூட்டிக் குறைக்கவில்லை. உடுத்தியிருந்த துணியை இடம் மாற்றினார். அந்தத் துணிக்கு இசைந்த வண்டியையே தேர்ந்துகொண்டார்.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. மிதிக்கும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது; மீதி முழுவதும் சூடு. குளிர்நாட்டில் அந்தச் சூட்டைச் சேமிக்க வேண்டும், இங்கே கழிக்க வேண்டும். ஒரு கிராம் வியர்வை காய்ந்தால் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்து வீணாகிவிடும். கடலோரப் புழுக்கத்தில் உடம்புக்குக் கைகொடுப்பது ஓடும் சைக்கிள் தானே உண்டாக்கும் காற்று ஒன்றுதான். அந்தக் காற்று காலிலும் மார்பிலும் தங்குதடையின்றிப் பட வேண்டும். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டியும் கைலியும் அந்த வேலையைச் செய்தன. இறங்கியதும் ஒரு உதறில் கீழே விட்டால் அதுவே பள்ளிக்கும் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகத் தக்க உடை. இப்படிக் கணப்பொழுதில் நீளம் மாறும் உடையை எந்தத் தையல்காரரும் தைத்துத் தர முடியாது.

மாறாத வெப்பத்துக்குப் பருவம் பார்த்து உடுத்துவதாவது என்று ஒருவர் கேட்கலாம். தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது, அதிலும் பனிக்கு முன்பனி, பின்பனி என்று இரண்டைக் கொடுத்தது, காரணமில்லாமல் அல்ல. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1895 டிசம்பரில் 13.9 டிகிரி, மிக அதிகம் 2003 மே மாதத்தில் 45 டிகிரி. ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. இத்தனைக்கும் சைக்கிளோட்டியின் தோளில் கிடந்தது ஒரு துண்டு. அக்னி நட்சத்திரத்தில் அது தலைப்பாகை. ஆடிக் காற்றில் புழுதிக்கு வாயையும் மூக்கையும் மூடும் திரை. மார்கழி விடியலில் பால் கேனைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறவருக்குக் காதை மூடித் தாடைக்குக் கீழே முடிந்துகொள்ளும் குல்லா. மழை விட்டதும் சீட்டைத் துடைக்கவும், கேரியரில் ஒருவர் உட்கார்ந்தால் மடித்துப் போடவும் அதுதான். பெருமழைக்கு மட்டும் துண்டு போதாது. அதற்குக் கொங்காணி இருந்தது: ஒரு கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் தலையிலிருந்து முதுகுவரை மூடும் கூடாரம் வந்துவிடும், கைகள் இரண்டும் ஹேண்டில்பாருக்கு மிஞ்சும். பின்னாளில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் உரச்சாக்கு பிடித்தது. பிரான்சு நாட்டு மலைப் பந்தயங்களில் உச்சியைத் தொட்ட வீரர்கள் இறக்கத்துக்கு முன் செய்தித்தாளை வாங்கி மார்புக்குள் செருகிக்கொண்டார்களே, அதே புத்திதான்: கைக்குக் கிடைத்ததை வைத்துக் காற்றைத் தடுப்பது.

இனி வண்டியைப் பார்க்கலாம். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கியபோது நாட்டில் பரவியிருந்த மாதிரி, நிமிர்ந்து உட்காரும் கனத்த ரோட்ஸ்டர். அதில் செயினை மூடும் செயின்கவர், சேறு தெறிக்காமல் மட்கார்டு, பெண்கள் வண்டியில் குறுக்குக்கம்பி இல்லாத ஃபிரேம். ஒவ்வொன்றும் துணிக்குச் செய்த மரியாதை. இவை எல்லாம் ஐரோப்பாவிலேயே பிறந்தவை, நாம் எதையும் புதிதாகச் செய்துவிடவில்லை என்று மறுப்பவர்கள் சொல்வது முழு உண்மை. நெதர்லாந்தில் இன்றும் செயின் முழுக்க மூடிய வண்டியில்தான் ஜனங்கள் அன்றாட உடையோடு வேலைக்குப் போகிறார்கள். அப்படியானால் கோடு கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே ஓடவில்லை, பிழைப்புக்குச் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் பந்தயத்துக்கோ உலாவுக்கோ ஓட்டுகிறவருக்கும் நடுவே ஓடுகிறது. உலாவுக்குப் போகிறவர் வண்டிக்காக உடுத்துகிறார். வேலைக்குப் போகிறவர் போகும் இடத்துக்காக உடுத்துகிறார். அதனால் வண்டி வளைந்து கொடுக்கிறது. பருவத்துக்கு ஏற்ற சைக்கிள் உடை பற்றிய இன்றைய எழுத்து பெரும்பாலும் முதல் ஆளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இல்லாமையை அறிவென்று போற்றுவதா? ஒரே வேட்டியும் ஒரே துண்டும் வைத்திருந்தவருக்கு இடம் மாற்றுவதைத் தவிர வேறு என்ன வழி? இதில் உண்மை இருக்கிறது. கொங்காணி போட்டவர் அதை ஆசைப்பட்டுப் போடவில்லை. ஆனால் வசதி படைத்த மிராசுதாரும் தலைமையாசிரியரும்கூட வேட்டியில்தான் சைக்கிள் ஏறினார்கள். எனவே வறுமை மட்டும் காரணமாகாது. என்னை உண்மையில் தடுமாற வைப்பது இன்னொன்று. மடிப்பதும் அவிழ்ப்பதும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஆதிக்க சாதியாரின் எதிரே மடித்த வேட்டியை இறக்கிவிட வேண்டும், தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டும், ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று தலித் மக்களை ஒடுக்கிய கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் நீடித்தது. வெயிலுக்குத் தோதாக நெகிழ்ந்த அதே துணி பணிவைப் பிடுங்கும் கருவியாகவும் இருந்தது. தைத்த பேண்டை யாரும் இறக்கிவிடச் சொல்ல முடியாது. ஆலைச் சீருடை இந்தப் பக்கத்து இளைஞர்களுக்குப் பெருமிதமாகப் பட்டதன் காரணத்தைச் சம்பளத்தில் மட்டும் தேடினால் இது கண்ணில் படாமல் போகும்.

பெண்களின் கதையும் இந்த வாதத்தை எளிதாக விட்டுவிடாது. சேலையை ஆண்கள் வேட்டியை மடிப்பதுபோல் மடிக்கச் சமூகம் விட்டதில்லை. துணி நெகிழும் என்பது பாதி ஜனத்துக்கே பொருந்தியது. இங்கிலாந்தில் ஹார்பர்டன் சீமாட்டி கால்சட்டை போன்ற சைக்கிள் உடையோடு போனதால் ஒரு விடுதி அவரைப் பொது உணவறைக்குள் விட மறுத்தது. 1899இல் வழக்கு நடந்து விடுதிக்குச் சாதகமாக முடிந்தது. அங்கே உடையை மாற்றியே சைக்கிளில் ஏற முயன்றார்கள். புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் உடை மாறும்வரை காத்திருக்கவில்லை. சேலையோடு, தாவணியோடு, கிடைத்தால் லேடீஸ் சைக்கிளில், கிடைக்காவிட்டால் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சுடிதார் அந்தச் சைக்கிள்களோடு சேர்ந்தே ஊருக்குள் பரவியது. முதலில் ஏறினார்கள், உடை பின்னால் வந்தது.

மறைமலை நகர் 1980களில் துணைநகரமாக உருவாகி, 1990களின் இறுதியில் இங்கே ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் கார் செய்யத் தொடங்கியபோது, சைக்கிளில் வந்தவர்களின் இடத்தைக் கம்பெனி பஸ் எடுத்துக்கொண்டது. தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில் மிதிவண்டி என்பது பலகைச் சொல்லாகவும் சைக்கிள் வாய்ச்சொல்லாகவும் இருப்பதுபோல, வேட்டியும் துண்டும் தமிழ்ப் பெயரோடு வீட்டில் தங்கிவிட, ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் மங்கி கேப்பும் கடன் பெயரோடு சாலைக்கு வந்தன. சீருடைச் சட்டை, பேண்ட், சேஃப்டி ஷூ: மூன்றும் ஆலைத் தரைக்கு ஏற்றவை, மூன்றும் சாலை வெயிலில் காற்றை மறிப்பவை. சித்திரையிலும் மார்கழியிலும் அவை ஒன்றேதான். அதனால் குளிர்நாட்டு அடுக்கு முறை இங்கே ஒருவழியாக வந்து சேர்ந்தது; சீருடைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் ரெயின்கோட். கழற்றியதை வைக்க ஒரு பை.

ஆனாலும் துண்டு முழுக்கப் போய்விடவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஓரகடம் போகும் சாலையில் முதல் ஷிப்டு நேரத்தில் வரும் ஸ்கூட்டிகளில், பெண்கள் துப்பட்டாவை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கையும் வாயையும் மூடிக் கழுத்துக்குப் பின்னால் முடிந்திருக்கிறார்கள். பனிக்குக் காதையும், லாரிப் புழுதிக்கு மூச்சையும், மதியம் திரும்பும்போது வெயிலுக்குக் கன்னத்தையும் அந்த ஒரே துணி காக்கிறது. ஆண்களின் ஹெல்மெட்டுக்குள் வியர்வைக்கு ஒரு கைக்குட்டை நாலாக மடித்து வைத்திருக்கிறது.