எந்தக் குரூப்?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான மறுநாளே, கள்ளக்குறிச்சியின் தனியார் மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலில் மதிப்பெண் பட்டியலின் நகலும் கையுமாகக் காத்து நிற்கும் பெற்றோரிடம் எழுப்பப்படும் முதல் வினா, ‘எந்தக் குரூப்?’ என்பதேயாகும். மாணவனின் ருசியை விசாரிப்பது போன்ற தோற்றமுடைய இவ்வினாவுக்கு நெடிய சரித்திரம் ஒன்றுண்டு. ஆனால், அச்சரித்திரத்தில் மாணவனின் ருசியே விடை சொன்ன சந்தர்ப்பங்கள் சொற்பம்.

சர்வகலாசாலைப் பிரவேசம் ஒன்றையே குறியாகக் கொண்டிருந்த மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு மாற்றாக, சென்னை மாகாணத்தில் 1911ஐ ஒட்டி எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தபோது, கட்டாயப் பாடங்களுக்கு அப்பால் விருப்பப் பாடம் என்றொரு வாயில் திறந்தது. சுதந்திரத்துக்கு மறு ஆண்டே, பிள்ளைகள் அனைவரும் கல்லூரியையே நோக்கி ஓடும் அவலத்தை மாற்றக் கருதிய அரசாங்கம், பொறியியல், வேளாண்மை, நெசவு, செயலர் பணி முதலியவற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே பயிற்றும் ‘பைபர்கேட்டட் கோர்ஸ்’ என்னும் ஏற்பாட்டைப் புகுத்தியது. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான 1952-53 ஆம் ஆண்டு இடைநிலைக் கல்விக் குழுவோ ஏழு பிரிவுகளைச் சிபாரிசு செய்தது. நோக்கம் உன்னதமானதுதான், எனினும், கடைசல் பொறியும் தட்டச்சு இயந்திரமும் அவற்றைக் கற்பிக்க ஓர் ஆசிரியரும் இல்லாத ஊரில், அப்பிரிவுகள் காகிதத்தில் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? அக்காலத்து முதியவர்களைக் கேட்டால், பொதுக் கணிதமா காம்போசிட் கணிதமா என்ற ஒன்றையே பெரிய தீர்மானமாக நினைவுகூர்வர்.

1978 இல் புகுமுக வகுப்பு மறைந்து, மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோதுதான் பாடப்பிரிவைக் குறிக்கும் ‘குரூப்’ என்னும் சொல் வீட்டுக்கு வீடு புழங்கலாயிற்று. கரும்பும் நெல்லும் விளையும் கள்ளக்குறிச்சி நிலத்தில், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் இப்பிரதேசத்தில், வேளாண்மைப் பிரிவைக் கௌரவமாக எண்ணிய பெற்றோரைக் காண்பது அரிது. கணிதமும் உயிரியலும் இணைந்த பிரிவே அவர்களுக்குக் குலதெய்வம்.

இப்பிரிவுகளை வகுப்பதில் தனியார் பள்ளியின் சுயேச்சை எத்தகையது என்பதும் சுவாரசியமான கேள்வியே. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்து, எழுபதுகளின் பிற்பகுதியில் தனி வாரியத்தின் கீழ் வந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள், தமக்கெனப் பாடத்திட்டமும் தேர்வும் கொண்டு விளங்கின. 2010 ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டமும், அதனை நடைமுறைப்படுத்த 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும் அத்தனித்துவத்தை முடித்துவைத்தன. எஞ்சியது, எந்தப் பிரிவைத் திறப்பது, எத்தனை மதிப்பெண்ணுக்கு எவரை அதில் அமர்த்துவது என்னும் அதிகாரமே. அதுவும் சிறிதன்று. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்திய பள்ளிகளின் சாமர்த்தியத்தைக் கட்டுப்படுத்த, 2017-18 இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு விதிக்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் கீழ்நாட்டுக் கதை என்றே இம்மாவட்டத்தின் கல்வராயன் மலையார் சொல்லக்கூடும். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை அங்கே 1976 இல்தான் ஒழிந்தது. சமவெளிப் பிள்ளைகள் குரூப் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதற்கு இரண்டே ஆண்டு முன்பு! வெள்ளிமலையில் இன்று ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஆயினும் மேட்டுக் கிராமத்து மலையாளிப் பழங்குடிச் சிறுமிக்கு, எட்டும் தொலைவிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு உளதோ அதுவே அவளுடைய விருப்பப் பாடம். வேறொன்றை விரும்பினால், பெட்டியைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி விடுதிக்கு மலையிறங்க வேண்டும்.